காய்க்கும் செடி யாருக்கு

பிப்ரவரி 9

அண்ணாவுக்கு,

இனிமேல் என் குரலை இந்தக் காதால் கேட்கமாட்டேன் என்று வாசலில் நின்று சொன்னாய். நாலு வருடமாக ஃபோனையும் எடுக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் நீ. கடிதத்துக்குக் குரல் கிடையாது என்பதால் எழுதுகிறேன்.

போன வருடம் என் நாக்குக்கு அடியில் ஒரு கட்டி வந்தது. எடுத்துவிட்டார்கள். பிறகு முப்பது நாள் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். இப்போது பரவாயில்லை என்கிறார்கள். ஆனால் வாயில் ருசி போய்விட்டது. எதைத் தின்றாலும் பழைய சாவியைச் சப்புகிற மாதிரி இருக்கிறது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

நான் இன்னும் அதே நர்ஸ் பயிற்சி விடுதியில்தான் தலைமைச் சமையல். நூற்று நாற்பது பெண்கள். போன மாதம் மட்டும் பருப்பில் இரண்டு தடவை உப்பை இரட்டிப்பாகப் போட்டுவிட்டேன். “சமையக்கா, கடல்ல இருந்து மொண்டு வந்தீங்களா?” என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வார்டன் சிரிக்கவில்லை. அக்டோபர் வரை பார்ப்போம், அதற்குள் நாக்கு சரியாகாவிட்டால் வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டாள். எனக்கு இந்த அடுப்பை விட்டால் வேறு எதுவும் தெரியாது.

நம் வீட்டு முள்மிளகு ஞாபகம் வந்தது. ஒரு காயின் தோலை மென்றால் உதடு துடிக்கும், நாக்கு மரத்துப்போகும், கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு வெறும் தண்ணீரே இனிக்கும். கடையில் பாக்கெட் வாங்கிப் பார்த்தேன். மரத்தூள். என்றைக்குப் பறித்ததோ.

காய்க்கிற செடி உன்னிடம்தானே இருக்கிறது. ஒரு கைப்பிடி அனுப்பு. வேறெதுவும் கேட்கவில்லை.

தங்கை


பிப்ரவரி 20

தங்கைக்கு,

உன் கடிதம் பதிமூன்றாம் தேதி வந்தது. ஏழு நாள் மேசைமேல் கிடந்தது.

உனக்கு நோய் வந்து போனதை ஒரு வருடம் கழித்து, மிளகு கேட்கும் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொள்கிறேன். எனக்கு இது பழக்கம்தான். வரைபட அலுவலகத்தில் என்னைவிட ஒன்பது வருடம் இளையவன் எனக்கு மேலதிகாரியானதையும் அறிவிப்புப் பலகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கியவனுக்கு எல்லாமே கடைசியில்தான் தெரியவருகிறது.

மிளகு விஷயத்துக்கு வருகிறேன். அம்மா போன மறுமாதம் நாம் எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்தோம். இரண்டு கட்டில், ஆளுக்கு ஒன்று. ஆறு தம்ளர், ஆளுக்கு மூன்று. அப்பாவின் சிநேகிதர், லாரி ஓட்டுகிறவர், எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்த இரண்டு முள்மிளகுச் செடி, ஆளுக்கு ஒன்று. அதில் ஒன்று காய்ப்பது, ஒன்று காய்க்காதது என்பதால் சீட்டுப் போட்டோம். காய்ப்பது எனக்கு விழுந்தது. நீ ஆள் வைத்து உன்னுடையதை வேரோடு தோண்டி, பாதியாக வெட்டிய டிரம்மில் வைத்து, வேனில் ஏற்றிக்கொண்டு போனாய்.

அன்றிலிருந்து என் செடி காய்க்கவில்லை. பூக்கிறது, கொட்டிவிடுகிறது. நாலு கோடை. சாம்பல், எலும்புத்தூள், மீன் கழுவிய தண்ணீர், எல்லாம் ஊற்றியாகிவிட்டது. கையெல்லாம் முள் கிழித்ததுதான் மிச்சம். அனுப்ப ஒரு காய்கூடக் கிடையாது.

நேராகவே கேட்கிறேன். போகிற அன்று என் செடியின் வேரில் சுடுதண்ணீர் ஊற்றினாயா?

அண்ணன்


பிப்ரவரி 26

அண்ணாவுக்கு,

சுடுதண்ணீரா? ஊற்றுவதாக இருந்தால் உன் தலையில் ஊற்றியிருப்பேன். செடி என்ன பாவம் செய்தது?

நாலு வருடமாக இதை மனசில் வைத்துக்கொண்டா தினமும் அதற்குத் தண்ணீர் விட்டாய்? உன்னை நினைத்தால் கோபம்கூட வரவில்லை, அசதியாக இருக்கிறது.

என் செடியின் கதையையும் கேட்டுக்கொள். நான் குடியிருக்கிற வீட்டில், மூன்றாவது மாடிக்கு மேலே மொட்டைமாடியில் நிற்கிறது. அறுபத்திரண்டு படி. நோய்க்கு முன்னால் ஒரே மூச்சில் ஏறுவேன். இப்போது மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறுகிறேன், கையில் வாளியோடு. காய்க்காதது என்றுதான் என் பங்கில் விழுந்தது, அதுவும் வாக்குத் தவறாமல் காய்க்காமலே இருக்கிறது. ஏப்ரலில் பூக்கும். முகர்ந்தால் மூக்கில் மஞ்சள் தூள் ஒட்டும். அவ்வளவுதான் அதனால் எனக்குக் கிடைத்தது.

நோயை ஏன் சொல்லவில்லை என்றால், சொல்லியிருந்தால் நீ வந்திருப்பாய். நான் எந்தெந்தத் தேதியில் உனக்கு என்னென்ன செய்யவில்லை என்ற பட்டியலோடு கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பாய். வாயைத் திறக்க முடியாமல் படுத்துக்கொண்டு அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

மிளகு இல்லையென்றால் விடு. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

தங்கை


மார்ச் 24

தங்கைக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றாய். எழுத வேண்டியதாகிவிட்டது.

செடியை வெட்டி எறிந்துவிட்டு வேறு ஏதாவது வைக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை புறவழிச் சாலை நாற்றுப்பண்ணைக்குப் போனேன். அங்கே ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், முழங்கால் வரை மண். ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போயிருந்தேன். இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தாள்.

“அடடே, இதைப் போயா வெட்டப்போறீங்க? நல்ல வாசனைச் செடியாச்சே.”

“பூக்குது. காய்க்க மாட்டேங்குது.”

“ஆம்பளச் செடி எங்க வச்சிருக்கீங்க?”

“ஒரு செடிதான் இருக்கு.”

“ஒண்ணு மட்டும் எப்படி சார் காய்க்கும்? இதுல ஆம்பள வேற, பொம்பள வேற. பக்கத்துல இன்னொண்ணு இருந்துச்சா?”

“இருந்துச்சு. அது காய்க்காதுன்னு பிரிச்சுக் குடுத்துட்டோம்.”

அவள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். உள்ளே இருந்தவர்களையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தாள். “ஆம்பள காய்க்கலைன்னு ஊரை விட்டே அனுப்பிட்டாராம்டி!” கடைசியில் என்னைப் பார்த்து, “சார் படிச்சவங்க போலிருக்கு” என்றாள். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையை யாரும் அவ்வளவு சரியான இடத்தில் சொன்னதில்லை.

ஆக, உன்னிடம் இருப்பது ஆண். அதன் பூவில் இருக்கும் மஞ்சள் தூள் இதன் பூவில் விழ வேண்டும். பத்தடி தள்ளி இருந்தவரை ஈயும் வண்டும் அதைச் செய்தன. நாம் சரிபாதியாகப் பிரித்துவிட்டோம். அம்மா இருந்தபோது பத்து வருடம் இரண்டும் பக்கத்தில் பூத்தும் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

பூவைக் கிளையோடு வெட்டி அனுப்பினால் தூரிகையால் தொட்டு வைக்கலாம் என்கிறாள். காய் பழுக்க செப்டம்பர் ஆகும். உன் வார்டன் அக்டோபர் என்கிறாள். நேரம் இருக்கிறது. பூ பாதி விரிந்த நிலையில், காலை ஏழு மணிக்குள் வெட்டு. ஈரத் துணி கூடாது, காகிதத்தில் சுற்று. அட்டைப்பெட்டியில் பென்சில் கனத்துக்கு ஆறு துளை போடு. பேருந்தில் கொடுத்து அனுப்பு.

சுடுதண்ணீர் பற்றி எழுதியதை நீ மறந்துவிடலாம்.

அண்ணன்


ஏப்ரல் 11

அண்ணாவுக்கு,

“மறந்துவிடலாம்” என்று எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறாய். மன்னிப்புக் கேட்க உனக்குத் தெரியாது, அதற்குப் பக்கத்துத் தெரு வரைக்கும்தான் வருவாய். போகட்டும்.

உன் கடிதத்தை அடுப்படியில் படித்தேன். ஆம்பள காய்க்கலை என்கிற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்து இருமல் வந்து, பாத்திரம் துலக்குகிறவள் ஓடிவந்து முதுகைத் தட்டினாள்.

பூ விரிந்துவிட்டது. சனிக்கிழமை விடிந்ததும் முன்பக்கத்துக் கிளைகளை வெட்டுவேன். பெட்டியில் ஆறு துளை போட்டுவிட்டேன், பென்சில் கனத்துக்கு. அன்றைக்கே காலை வண்டியில் கொடுக்கிறேன், நாலு மணிக்கு உங்கள் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடும். பார்சல் அறையில் உன் பேர் சொல்லி வாங்கிக்கொள். கண்டக்டரிடம் “உள்ளே பூ இருக்கு, கவுத்துடாதீங்க” என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். சிரிப்பான், சிரிக்கட்டும்.

இந்தக் கடிதம் முன்னாலேயே வந்துவிட வேண்டும் என்பதற்காக அவசரத் தபாலில் போடுகிறேன். இந்த வாரமும் காரம் கூடிவிட்டது. யாரும் கேலி செய்யவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள்.

தங்கை


ஏப்ரல் 19

தங்கைக்கு,

பெட்டி சனிக்கிழமை நாலு மணிக்கே வந்திருக்கிறது. நான் திங்கட்கிழமை மாலைதான் போனேன்.

மழை இல்லை. காய்ச்சல் இல்லை. அலுவலகம் இல்லை. சனிக்கிழமை மூன்றரைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் நின்றபோது ஒரு நினைப்பு வந்தது. அம்மா மூன்று வருடம் படுக்கையில் கிடந்தாள். நான் இடமாற்றத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பதவி உயர்வும் போய், உன் வருகைக்காக இதே வாசலில் எத்தனை சனிக்கிழமை நின்றிருப்பேன் என்று தோன்றியது. இரண்டு நாள் அவளும் காத்திருக்கட்டும் என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன். காத்திருந்தது நீ அல்ல, பூ என்பது அப்போது தோன்றவில்லை.

பார்சல் அறை தகரக் கூரை. பெட்டியைப் பிரித்தபோது பூவெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. தூரிகையில் பிசுபிசுவென்று ஒட்டியதே தவிர, தூள் என்று ஒன்றும் இல்லை.

இதை எழுதும்போதே இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் நாலு வருடம் ஆகும். அன்றைக்குச் சீட்டை எழுதி மடித்தது நான். ஒன்றை இரண்டாக மடித்தேன், காய்ப்பதை மூன்றாக மடித்தேன். “மூத்தவன் நீயே முதலில் எடு” என்றாய். எடுத்தேன்.

என் செடியில் இன்னும் ஒரு வாரத்துக்குப் பூ இருக்கும். கேட்க எனக்கு வாயில்லை.

அண்ணன்


ஏப்ரல் 22

அண்ணாவுக்கு,

சீட்டு விஷயம் எனக்குத் தெரியாது. நீ சொல்லாமலே இருந்திருக்கலாம். சொன்னதால் உனக்குப் பாரம் குறைந்திருக்கும், அது இப்போது என்னிடம் வந்திருக்கிறது. எனக்கு ஏற்கெனவே வாளி இருக்கிறது தூக்க.

அந்தச் சனிக்கிழமைகளில் நான் ஏன் வரவில்லை என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. விடுதியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெற்றோர் வருவார்கள், சமையல் இரட்டிப்பு. உனக்குப் பதவி போயிற்று, எனக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு பேரும் தராசு வைத்து நிறுத்துப் பார்த்தது போதும்.

மிச்சம் இருந்த கிளை எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். செடி இப்போது துடைப்பத்தைத் தலைகீழாக நட்ட மாதிரி நிற்கிறது. வெள்ளிக்கிழமை முதல் வண்டி. பத்து மணிக்கு வரும். இதற்கு மேல் அனுப்ப என்னிடம் பூ இல்லை.

தங்கை


மே 14

தங்கைக்கு,

வெள்ளிக்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு எட்டு மணிக்கே பேருந்து நிலையத்தில் நின்றேன். வண்டி பத்தே முக்காலுக்கு வந்தது. பெட்டியைக் கண்டக்டர் மடியில் வைத்திருந்தார். “அந்தம்மா போட்ட சத்தத்துல கீழ வைக்கவே பயமாயிருச்சு சார்” என்றார்.

பூ நன்றாக இருந்தது. தட்டினால் தாளில் மஞ்சளாகக் கொட்டியது. வரைபடத்தில் நீர்நிலைக்கு நீலம் தீட்டும் மெல்லிய தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்தேன். மூன்று நாள். உயரக் கிளைக்கு ஸ்டூல் போட்டு. முள் சட்டையைப் பிடித்துக்கொண்டால் அசையாமல் நின்று ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். இழுத்தால் துணி கிழியும். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, “என்ன சார், செடிக்குக் கண்மை போடுறீங்களா?” என்றார். பதினெட்டு வருடமாக அவரிடம் நான் பேசுவதில்லை, ஒரு முருங்கைக் கிளை விவகாரம். “ஆமாம், கல்யாணம்” என்று சொல்லிவிட்டேன்.

தாமதத்தில் என் செடியின் பெரும்பாலான பூ முதல் வாரமே கொட்டிவிட்டது. இப்போது எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொரு பிஞ்சு. நான் அந்தச் சனிக்கிழமை போயிருந்தால் நானூறு இருந்திருக்கும். இதை நீ எழுதும் முன்பே நான் எழுதிவிடுகிறேன்.

உன் செடி துளிர்த்ததா? உன் வாய் எப்படி இருக்கிறது?

அண்ணன்


ஜூலை 30

அண்ணாவுக்கு,

செடி துளிர்க்கவில்லை. ஜூன் வெயிலில் தண்டு மேலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை இல்லை. நான் தினமும் ஏறியிருந்தால் பிழைத்திருக்குமோ என்னவோ. ஜூனில் இரண்டு வாரம் என்னால் ஏற முடியவில்லை. டிரம்மை வீட்டுச் சொந்தக்காரர் மணல் போட்டு வைக்கக் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

வார்டன் அக்டோபர் வரை பொறுக்கவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். மேலே இருந்து சோதனைக்கு ஆள் வந்தார்கள், அன்றைக்கு ரசத்தில் புளிப்பு எக்கச்சக்கம், எனக்குத் தெரியவே இல்லை. கரண்டியை அவளே என் கையிலிருந்து வாங்கி உதவியாளரிடம் கொடுத்தாள். “நீங்க கொஞ்சம் உக்காருங்கக்கா” என்றாள், மரியாதையாகத்தான். மறுநாளிலிருந்து காய் நறுக்கும் பக்கம் போட்டிருக்கிறார்கள். வெங்காயம் நறுக்க நாக்கு வேண்டாம். உதவியாளர் நல்லவள், ருசி பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி “சரியாக்கா?” என்று வாய் தவறிக் கேட்டுவிடுகிறாள், பிறகு முகம் சுண்டிப்போகிறது.

ஆகையால் மிளகுக்கு இனி அவசரமில்லை. பறவைக்கு விட்டாலும் சரி.

தங்கை


செப்டம்பர் 22

தங்கைக்கு,

உன் கடிதத்துக்கு எட்டு வாரமாகப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்தேன். என்ன எழுதினாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்தது. அந்தச் சனிக்கிழமை நான் ஒழுங்காகப் போயிருந்தால் நீ மறுபடி வெட்டியிருக்க மாட்டாய். உன் செடியைக் கொன்றது நான். உன் வேலை அதனால் போகவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் தோன்றுகிறது.

நாற்பத்தொன்றில் காற்றுக்கும் புழுவுக்கும் போக இருபத்தாறு பழுத்தது. ஒவ்வொரு கொத்தாகச் சிவந்து, வெடித்து, உள்ளே கறுப்பு விதை எட்டிப் பார்த்தது. பறவைக்கு விடவில்லை. சன்னல் ஓரம் தாளில் காயவைத்தேன், அலுவலகத்துக்குப் போகும்போது சன்னலைச் சாத்திவிட்டுப் போனேன். தோலை மட்டும் அனுப்புகிறேன். விதை பல்லுக்கு அடியில் மணலாக நெறிபடும், அது உனக்கு வேண்டாம். இருபத்தாறும் அதில் இருக்கிறது. நான் ஒன்றுகூட எடுத்துப் பார்க்கவில்லை.

வேலைக்காக அனுப்பவில்லை.

அண்ணன்


அக்டோபர் 3

அண்ணாவுக்கு,

பொட்டலம் வந்தது. பிரித்ததும் முகர்ந்தேன். மூக்கு எனக்குப் பழுதில்லை. எலுமிச்சைத் தோலும் மழை பெய்த மரமும் சேர்ந்த அந்த வாசனை அப்படியே இருந்தது.

சாமான் அறையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து ஒன்றை மென்றேன். ருசி தெரியவில்லை. நீ வருத்தப்படக் கூடாது என்பதற்காகப் பொய் எழுத மாட்டேன். புளிப்பா, காரமா, எதுவும் இல்லை. சரி, இதுவும் இல்லை என்று எழுந்திருக்கப் போனேன். அப்போது கீழுதட்டில் ஆரம்பித்தது. சின்னதாக ஒரு துடிப்பு. பிறகு நாக்கு நுனி, பிறகு ஓரம், வெட்டி எடுத்தார்களே அந்த இடம்கூட. வாய்க்குள் ஒரு வண்டு மாட்டிக்கொண்டு ரீங்காரம் போட்ட மாதிரி. அது ருசி இல்லை, அண்ணா. தொட்டால் தெரியுமே, அது. எனக்கு இன்னும் வாய் இருக்கிறது என்று தெரிந்தது. பத்து நிமிஷம் இருந்தது. அந்தப் பத்து நிமிஷமும் சாவி வாடை இல்லை. உதவியாளர் தேடிக்கொண்டு வந்து, “ஏங்க்கா அழுவுறீங்க?” என்றாள். வெங்காயம் என்றேன். கையில் வெங்காயமே இல்லை.

இருபத்தைந்து மீதி இருக்கிறது. ஞாயிற்றுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன்.

கழுத்தில் ஒரு இடம் கெட்டியாக இருக்கிறது என்று டாக்டர் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். இருபதாம் தேதி மறுபடி ஸ்கேன். இந்தத் தடவை முன்னாலேயே சொல்லிவிட்டேன், அப்புறம் குறை சொல்லாதே.

தங்கை


அக்டோபர் 9

தங்கைக்கு,

இருபதாம் தேதி காலை ஆஸ்பத்திரி வாசலில் இருப்பேன். பட்டியல் எதுவும் கொண்டு வரமாட்டேன். நீ பேசலாம், நான் கேட்பேன்.

செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோலை உனக்கு அனுப்பியபோது விதையை வைத்துக்கொண்டேன். இருபத்தாறையும் நாற்றுப்பண்ணைப் பெண்ணிடம் கொண்டுபோனேன். எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சாம்பலில் தேய்த்து, தொட்டி மண்ணில் போடச் சொன்னாள். “எப்ப முளைக்கும்?” என்றேன். “அதுக்கு அவசரமில்ல சார். ஒரு வருஷம்கூட ஆவும்.” “ஆணா பெண்ணான்னு எப்பத் தெரியும்?” “பூத்தாத்தான். நாலஞ்சு வருஷம் வச்சுக்குங்க.”

அதற்குள் எனக்கு அறுபதாகி, நான் ஓய்வும் பெற்றிருப்பேன். யோசித்துப் பார்த்தால் நீண்ட காலம்தான். தொட்டிகளைக் குளியலறைச் சன்னலுக்குக் கீழே நிழலில் வரிசையாக வைத்திருக்கிறேன். தண்ணீர் விடுவதும் புழு பொறுக்குவதும் நான் பார்த்துக்கொள்கிறேன், அது எனக்கு வரும். ஆனால் பூத்த பிறகு எது என்ன என்று என்னால் சொல்ல முடியாது. பத்து வருடம் பார்த்தும் தெரியாதவன் நான். மூக்கை வைத்துப் பார்க்க நீ இருக்க வேண்டும்.

அண்ணன்